வெள்ளைச் சங்கில் கோலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டொமினிகன் குடியரசின் கூம்பு நத்தைப் புதைபடிவங்களில் 13 புதிய சிற்றினங்களை 2015-ல் விவரித்திருப்பதாகப் படித்தேன். படத்தில் எல்லாமே வெளிறிய சங்குகள். உடலும் இல்லை, நிறமும் இல்லை. எதை வைத்து இது வேறு, அது வேறு என்கிறார்கள்?

ப.

அன்புள்ள ப.,

நிறம் இல்லை என்பது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான். நீங்கள் படித்த சிற்றினங்களை விவரித்த ஆய்வாளர் ஜொனாதன் ஹென்ட்ரிக்ஸ் தம் 2015 கட்டுரையில் ஆராய்ந்தவை மொத்தம் 28 சிற்றினங்கள். வயது 66 லட்சம் முதல் 48 லட்சம் ஆண்டுகள். புற ஊதா விளக்கில் பிடித்தால், நிறமி இருந்த இடங்கள் ஒளிர்கின்றன. பலர் தடுமாறுவது இங்கேதான். ஒளிரும் இடம் நத்தை உயிரோடிருந்தபோது அடர்நிறமாக இருந்த இடம். ஆகவே படத்தை நெகட்டிவாக மாற்றித்தான் படிக்க வேண்டும். அந்தப் புதிய சிற்றினங்களில் ஒன்றான கோனஸ் கார்லோட்டேயின் பெரிய வட்டப் புள்ளிகள் இப்படித் தெரியவந்தவை. இன்றுள்ள கூம்பு நத்தைகளிடம் அந்தக் கோலம் காணோம். கோலம்தான் மிஞ்சுகிறது, அசல் நிறம் அல்ல.

ஒளிர்வு கூடுவதற்காகச் சங்கை முதலில் சோடியம் ஹைப்போகுளோரைட் (வெளுப்பான்) கரைசலில் ஊறவைப்பார்கள். அதோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள்: குளோரின் வாயு கிளம்பும், சுண்ணாம்புச் சங்கும் அரிபடும்.

கோலம் ஒரே சிற்றினத்துக்குள்ளும் மாறும் என்பதால் அளவுகள் வேண்டும். சங்கின் நீளம் 40 மி.மீ., வாயின் உயரம் 34, அதிகபட்ச அகலம் 20 என்று வையுங்கள். 40-இல் 34 போக மிஞ்சும் 6-ஐ 40-ஆல் வகுத்தால் 0.15, அது சுருள்முனையின், அதாவது வாய்க்கு மேலே சுற்றுகள் குவியும் நுனிப்பகுதியின், ஒப்பு உயரம். 20-ஐ 34-ஆல் வகுத்தால் 0.59, அது ஒப்பு அகலம். குஞ்சுச் சங்கில் இந்த விகிதங்கள் வேறாக இருக்கலாம். சிறிதும் பெரிதுமாகப் பல சங்குகளை அளக்காமல் புதுப்பெயருக்குப் போவது தவறு.

என்னைக் கேட்டால், முதலில் லென்ஸை வைக்க வேண்டிய இடம் சுருள்முனை. ஆரம்பச் சுற்றுகளில் முண்டுகள் உண்டா, எத்தனையாவது சுற்றோடு மறைகின்றன, அல்லது கடைசிச் சுற்றின் தோள் (மேல்சரிவு முடிந்து பக்கவாட்டுக்குத் திரும்பும் விளிம்பு) வரை வருகின்றனவா? சுற்றின் மேல்சரிவில் சுழல்வரிகள் ஓடுகின்றனவா? அங்கே வளர்ச்சிக் கோடு எவ்வளவு ஆழமாக வளைகிறது? அலை உருட்டிய சங்கில் முதலில் தேய்வது இந்த நுனிதான். தேய்ந்ததைப் பார்த்துவிட்டு 'முண்டு இல்லை' என்று எழுதினால், இல்லாத சிற்றினம் ஒன்று பிறந்துவிடும். அங்கே எழுத வேண்டியது 'தேய்ந்துள்ளது, தெரியவில்லை'.