டிசம்பரில் நமக்கு வேண்டியது குளிர்காலச் சாப்பாடு இல்லை, மழைக்காலச் சாப்பாடு

மலேசியாவில் இருக்கும் நாம் டிசம்பர், ஜனவரியில் ஆயுர்வேதம் சொல்லும் குளிர்கால உணவைச் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்த மாதங்களில் நமக்குப் பொருந்துவது, அதே நூல்கள் மழைக்காலத்துக்குச் சொல்லும் உணவு. நான் பேராக்கில் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள், இன்றும் அங்கேதான் சமைத்துச் சாப்பிடுகிறேன். அதனால் காரணத்தையும் நம் ஊரை வைத்தே சொல்கிறேன்.

ஹேமந்தம் என்கிற முன்பனிக் காலத்துக்கு, ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதையில் சரகர் சொல்வது இதுதான்: வெளியே குளிர்காற்று உடலைச் சூழ்ந்துகொள்வதால் உள்சூடு வெளியேற வழியில்லாமல் வயிற்றுத்தீ, அதாவது செரிக்கும் சக்தி, பலமாகிறது. அந்தத் தீக்குப் போதுமான இரை கிடைக்காவிட்டால் அது உடம்பின் சாரத்தையே தின்னத் தொடங்கும். அதனால்தான் பால், வெல்லம், எண்ணெய், கொழுத்த இறைச்சி, புது அரிசி என்று கனமான பட்டியல். சரகருக்குப் பின் வந்த ஆயுர்வேத நூலாசிரியர் வாக்பட்டர் கோதுமையையும் உளுந்தையும் சேர்க்கிறார். இரவு நீண்டுவிடுவதால் விடியும்போதே பசி எடுக்கும் என்றும் சொல்கிறார்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். டெல்லியில் ஜூன் மாத நீண்ட பகலுக்கும் டிசம்பர் மாதக் குறுகிய பகலுக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் இருக்கிறோம். இங்கே அந்த வித்தியாசம் அரை மணி நேரம் சொச்சம்தான். இரவு நீளவில்லை, பனி இல்லை, மதியம் வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. தீயை வளர்க்கும் குளிரே இல்லாத இடத்தில் விறகை மட்டும் அள்ளிப் போட்டால் புகைதான் மிஞ்சும். உளுந்துக்களியும் நெய் உருண்டையும் இங்கே டிசம்பரில் நெஞ்சைக் கரிக்க வைப்பதற்கு அதுதான் காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

நமக்கு இருப்பது மழை. நாம் இருக்கும் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பரில் மழை உச்சத்துக்குப் போகும், டிசம்பரிலும் விடாது. மத்தியானம் வெயில் கொளுத்தும், சாயங்காலம் இடியோடு கொட்டும். துணி காயாது, உப்பு ஜாடி கசியும். சரகர் மழைக்காலத்தைப் பற்றிச் சொல்வது அப்படியே இதற்குப் பொருந்துகிறது: வயிற்றுத்தீ மங்கும், வாதம் (உடம்பில் காற்றின் குணம்) மிகும். பழைய அரிசி, கோதுமை, பார்லி ஆகியவற்றைச் சாறோடு சேர்த்துச் சாப்பிடு, தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் குடி, பகலில் தூங்காதே. காற்றும் மழையுமாகக் குளிரெடுக்கும் நாளில் மட்டும் புளிப்பும் உப்பும் எண்ணெய்ப்பசையும் நாக்கில் நன்றாகத் தெரிய வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் வீட்டில் அந்த நூலை யாரும் படித்ததில்லை, ஆனால் மழைநாள் சாப்பாடு அதேதான்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மரம் நனைந்தால் அன்று வெட்டு இல்லை. உடம்புக்கு வேலை குறைந்த நாளில் சாப்பாட்டையும் குறைத்துவிடுவார். "வயிறு மந்தமா இருக்கும் பாப்பா, கஞ்சியே போதும்" என்பார். குழைய வடித்த சோறு, புளி கொஞ்சம் தூக்கலாக மிளகு ரசம், அதில் அரைக் கரண்டி நெய், தொட்டுக்கொள்ள வறுத்த நெத்திலி. சில நாள் பாசிப்பயறு வேகவைத்த தண்ணீரில் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்ட சாறு. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்னால் வளர்ந்த தூதுவளையும் கற்பூரவல்லியும் ரசத்துக்குள் போகும். புளிப்பு, உப்பு, எண்ணெய்ப்பசை மூன்றும் அந்தத் தட்டில் இருக்கின்றன. அளவு மட்டும் சின்னது. இதே நெத்திலியைத் தேங்காய்ப்பால் சோற்றோடு, சம்பலோடு, பொரித்த முட்டையோடு தினமும் காலையில் சாப்பிட்டால் கதை வேறு.

பார்லி நம் ஊர்க் கடைகளில் எல்லாம் கிடைக்கிறது, ஆனால் ஐஸும் சீனியும் போட்டுத்தான் கொடுப்பார்கள். வீட்டில் வேகவைத்து, ஒரு துண்டு இஞ்சி போட்டு, வெதுவெதுப்பாகக் குடியுங்கள். மழைக்காலத்தில் ஒன்றே ஒன்றை மாற்ற முடியும் என்றால் ஐஸ் பானத்தைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வேன்.

நம் பண்டிகைகளே இதைக் கவனித்திருக்கின்றன. தீபாவளி சரியாக மழையில் வருகிறது, பலகாரத்தோடு சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த லேகியமும் வருகிறது. மார்கழி விடியலில் கோயிலில் தரும் வெண்பொங்கலில் மிளகும் சீரகமும் இஞ்சியும் இருக்கும், அதையும் ஒரு கை அளவுதான் தருகிறார்கள்.

காய்கறியில் பருவம் பார்ப்பது இங்கே கஷ்டம். கோஸும் கேரட்டும் கேமரன் மலையிலிருந்து வருடம் முழுவதும் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். முருங்கைக்கீரை, சுண்டைக்காய், பாகல், புடலை என்று வீட்டோரம் காய்ப்பதை முதலில் எடுங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு. நம் இனத்தில் இது இன்னும் அதிகம். வெல்லமும் தேனும் லேகியமும் சர்க்கரையை ஏற்றும். ஆயுர்வேதம் என்ற பெயர் இருப்பதால் அது மாறாது. மாத்திரை சாப்பிடுபவர்கள் கிளினிக்கில் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம், மாத்திரையை நிறுத்தவே வேண்டாம்.

இதெல்லாம் நூலை மீறுவதாகுமோ என்று தயங்காதீர்கள். சரகர் பருவ உணவைச் சொல்லும் அதே அத்தியாயத்தை முடிக்கும்போது, வாழும் நிலத்தின் குணத்துக்கு எதிரான குணமுள்ள உணவே ஒத்துப்போகும் என்கிறார். நம் நிலம் ஈரம். அப்படியானால் நமக்கு வேண்டியது சூடானதும் இலகுவானதும்.

கேமரன் மலையில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் என் பதில் மாறும். அங்கே இரவில் 15 பாகை வரை இறங்குகிறது, விடியற்காலையில் தேயிலைக் காட்டில் ஏறி இறங்குகிறவருக்கு நிஜமான பசி எடுக்கும். அவர்கள் உளுந்துக்களியை நல்லெண்ணெய் ஊற்றியே சாப்பிடலாம்.