ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு இன்று பெரிய ஆபத்து எது: ஹேக்கர்களா, ஏஐ-யா?

இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்கிறீர்கள். நான் பார்த்தவரை இரண்டுமே வந்து விழுவது ஒரே ஆளின் தலையில்தான். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, ராத்திரியில் சம்பளமில்லாமல் ஓர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை (எவரும் எடுத்துப் பார்த்து, தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளக்கூடிய நிரல் தொகுப்பை) பார்த்துக்கொள்கிறாரே, அந்தப் பராமரிப்பாளர் தலையில். அவர் சோர்ந்துபோவதைத்தான் நான் பெரிய ஆபத்து என்பேன்.

எக்ஸ்இசட் விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? கோப்புகளைச் சுருக்கும் சின்ன மென்பொருள் அது. லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிற இடமெல்லாம் பெரும்பாலும் அதுவும் இருக்கும். பல வருடங்களாக அதைக் கட்டிக் காத்தவர் லாஸே காலின் என்ற ஒரே ஒருவர். 2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சின்னச் சின்னத் திருத்தங்களை அனுப்ப ஆரம்பித்தார். 2022இல் வேறு சில பெயர்களில் மடல்கள் வந்தன: ஏன் இவ்வளவு தாமதம், முடியவில்லை என்றால் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்களேன். தனக்கு நீண்ட நாளாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது காசு வாங்காமல் செய்கிற வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்று காலின் பொறுமையாகவே பதில் எழுதினார். அந்த மடலை இப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. நெருக்கிய அந்தப் பெயர்கள் எல்லாமே போலி என்றுதான் இன்று பலரும் கருதுகிறார்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். புதிய பதிப்புகளை வெளியிடும் உரிமை ஜியா டான் கைக்கு வந்து சேர்ந்தது.

அப்புறம் வேலியே பயிரை மேய்ந்தது. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவு, அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழி, இருந்தது. அதை ஒளித்த விதத்தைப் பாருங்கள். சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் படித்துப் புரிந்துகொள்ள முடியாத இரண்டு பைனரி கோப்புகள். அவற்றுக்குள் இருப்பதைப் பிரித்தெடுத்து ஓட வைக்கும் நிரல் துண்டு, மாற்றங்களை எல்லோரும் பார்க்கிற கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டித் தரும் டார்பால் என்ற தொகுப்பில் மட்டும் இருந்தது. நிரலை உட்கார்ந்து படித்தவர்கூட தவறவிட்டிருப்பார். டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில், தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வர், மற்ற சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாக எக்ஸ்இசட்டின் லைப்ரரியையும் இழுத்துக்கொள்ளும். அந்தப் பாதையில் உள்ளே நுழைந்துவிட்டால், குறிப்பிட்ட ஒரு சாவியை வைத்திருப்பவர் அந்த இயந்திரத்தில் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்பவர், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் டெவலப்பர், மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர். வேறு எதையோ அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்ஹெச் லாகினுக்கு அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். விடாமல் தோண்டிப் பார்த்துவிட்டு 2024 மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். பெரும்பாலான சர்வர்களில் ஓடும் லினக்ஸின் நிலையான பதிப்புகளுக்கு இது அதற்குள் போய்ச் சேரவில்லை. மயிரிழையில் தப்பினோம்.

இதில் ஹேக்கர் உடைத்தது எந்தப் பூட்டையும் இல்லை. களைத்துப்போன ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் பக்கத்தில் இரண்டரை வருடம் உட்கார்ந்திருந்தார்.

சரி, ஏஐ எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். ஒருவரைக் களைக்க வைக்க அன்று மாதக்கணக்கில் போலி மடல்கள் எழுத வேண்டியிருந்தது. இன்று கெட்ட எண்ணமே இல்லாதவர்களும் அதை ஒரே நிமிடத்தில் செய்துவிடுகிறார்கள். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பிழை கண்டுபிடித்தால் பணம் என்று 2019இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். 2025 நடுவில் கர்லை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க் எழுதிய கணக்கு இது: அந்த வருடம் வந்த அறிக்கைகளில் சுமார் 20 சதவீதம் ஏஐ எழுதிய குப்பை, உண்மையான பாதுகாப்புப் பிழையாகத் தேறியவை 5 சதவீதம் அளவுதான். 2026 ஜனவரி முடிவோடு பணம் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். அட்டவணைத் தரவு இருக்கும் சிஎஸ்வி கோப்புகளைப் படிக்கிற ஒரு சின்ன லைப்ரரியை நான் பராமரிக்கிறேன். ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு 'மிக அவசரம்' என்ற தலைப்பில் ஓர் அறிக்கை வந்தது. சுருக்கம், பாதிப்பு, தாக்கும் வழி, பரிந்துரை எல்லாம் தனித்தனித் தலைப்போடு, பார்க்கவே பயமாக இருந்தது. இன்ன ஃபங்ஷனில் (நிரலின் ஒரு பகுதி) 212ஆவது வரியில் பஃபர் ஓவர்ஃப்ளோ, அதாவது ஒதுக்கிய இடத்தைத் தாண்டித் தரவு எழுதப்படும் பிழை, என்றது. அந்தப் பெயரில் என்னிடம் ஃபங்ஷன் இல்லை. அந்தக் கோப்பே 180 வரிதான். இருந்தாலும், எப்போதோ எழுதி நீக்கிவிட்டேனோ என்று கிட் வரலாற்றை முதலிலிருந்து தேடினேன். பாதுகாப்புப் பிழை என்று ஒருவர் சொன்னால் பார்க்காமல் தூங்க முடியாது. இரண்டு மணி நேரம் போனது. விளக்கம் கேட்டு எழுதினேன். மன்னிப்போடு ஒரு பதில் வந்தது, அதில் இன்னொரு இல்லாத ஃபங்ஷன்.

அதே வாரம் வேறொருவர் இரண்டே வரி எழுதியிருந்தார்: மேற்கோள் குறிக்குள் வரி உடைந்தால் அடுத்த கட்டத்தில் உள்ள எண் காணாமல் போகிறது. அது உண்மையான பிழை. யாரோ ஒருவருடைய கணக்கு தப்பாகிக்கொண்டிருந்திருக்கும். நான்கு நாள் கழித்துத்தான் திறந்து பார்த்தேன். அந்த நான்கு நாள்தான் என்னை இன்னும் உறுத்துகிறது.

ஏஐ கருவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே 2025இல் ஏஐ கருவிகளை வைத்து கர்ல் நிரலை அலசிய ஓர் ஆய்வாளர் அனுப்பிய பட்டியலால் டஜன் கணக்கில் உண்மையான பிழைகள் திருத்தப்பட்டன. ஸ்டென்பெர்க்கே மனம்விட்டுப் பாராட்டினார். கருவி சொன்னதைத் தான் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புகிறவருக்கும், அப்படியே ஒட்டி அனுப்புகிறவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

பணம் கொடுத்தால் சரியாகிவிடுமா? ஓரளவுக்கு ஆகும். 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் ஹார்ட்பிளீட் பிழை வெளியானபோது, இணையத்தில் பாதிப் பூட்டுகளைத் தாங்கிய அந்த மென்பொருளுக்கு நன்கொடையாக வருடத்துக்கு 2,000 டாலர் அளவில்தான் வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு நிறுவனங்கள் நிதி திரட்டின, நிலைமையும் தேறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து. பொருளை விற்றுக் காசு பார்க்கிறவர்தான் உள்ளே இருக்கும் ஓப்பன் சோர்ஸ் துண்டுகளுக்கும் பொறுப்பு, சும்மா எழுதிப் பகிர்கிறவர் இல்லை என்கிறது அது. நான் அதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் சட்டம் எதுவும் ராத்திரி பதினொன்றரைக்கு வரும் அறிக்கையைப் படித்துத் தராது. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். உங்கள் நிறுவனம் நம்பியிருக்கும் லைப்ரரிகளில் ஒன்றையாவது எடுத்து, வாரத்தில் அரை நாள் அதன் அறிக்கைகளைச் சலித்துக் கொடுக்க ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள்.

எக்ஸ்இசட்டுக்கு அப்புறம் என்ன ஆனது? கள்ளக்கதவை நீக்கிய 5.6.2 பதிப்பு 2024 மே மாதக் கடைசியில் வந்தது. உட்கார்ந்து சுத்தம் செய்து வெளியிட்டவர் அதே லாஸே காலின்தான்.