க்யூக்லிங்கபொய்னிர்: கோழியா, கடலையா? ஐஸ்லாந்தில் உணவுப் பெயர்களைப் படிக்கும் முறை

கேள்வி: மூன்று மாதத்தில் ரெய்க்யவிக் நகரத்துக்குக் குடிபோகிறேன். ஆங்கிலச் சொல்லும் அதற்கு நேரான ஐஸ்லாந்தியச் சொல்லும் கொண்ட உணவுப் பட்டியல் ஒன்றில் 200 சொற்களை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் அங்குள்ள கடைகளின் இணையதளத்தைத் திறந்தால் படித்த சொல் எதுவுமே அப்படியே கண்ணில் படவில்லை. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சியும் பன்றியும் தொடமாட்டோம். எப்படிப் படித்தால் உருப்படியாக இருக்கும்?

பதில்: நீங்கள் படித்தது வீணில்லை, படித்த வடிவம்தான் சிக்கல். ஐஸ்லாந்திய மொழியில் உணவுப் பெயர் தனியாக நிற்பது குறைவு. ஒன்று, இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அல்லது வேற்றுமை ஏற்று வால் மாறிவிடும். ஆங்கிலத்தில் இரண்டுமே இவ்வளவு இல்லாததால் ஆங்கிலப் பட்டியல் இதைச் சொல்லித்தராது. தமிழில் இரண்டும் உண்டு. அதனால் ஆங்கிலத்தை இடையில் நிறுத்தாமல் தமிழிலிருந்தே நேராகப் போங்கள். (ஐஸ்லாந்தியச் சொற்களை இங்கே காதில் விழும்படி தமிழில் எழுதியிருக்கிறோம். எழுத்துக்கூட்டலைக் கடையின் படத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

முதலில் ஒட்டுச் சொற்கள். ‘மாட்டுக்கறி’ என்கிறோம். கடைசித் துண்டு ‘கறி’ என்ன பொருள் என்று சொல்கிறது. முன்னால் நிற்கும் ‘மாடு’ கொஞ்சம் உருமாறி ‘மாட்டு’ ஆகிறது. ஐஸ்லாந்தியமும் அச்சு அசலாக இதையே செய்கிறது. ‘க்யோத்’ என்றால் இறைச்சி. ‘லம்பக்யோத்’ ஆட்டிறைச்சி, ‘நொய்த்தக்யோத்’ மாட்டிறைச்சி, ‘ஸ்வீனக்யோத்’ பன்றியிறைச்சி. ஆக, சொல்லைக் கடைசியிலிருந்து வாசியுங்கள். பொட்டலத்தில் ‘க்யூக்லிங்கபொய்னிர்’ என்று நீளமாக இருந்தால் ‘க்யூக்லிங்குர்’ கோழிதானே என்று பலர் திரும்ப வைத்துவிடுவார்கள். கடைசித் துண்டு ‘பொய்னிர்’, அதாவது பயறு, அவரை வகை. உள்ளே இருப்பது நம் கொண்டைக்கடலை.

உங்கள் வீட்டுக்கு மிக முக்கியமானவை முன்துண்டுகள்தான். ‘நொய்த்த’ வந்தால் மாடு. ‘உங்நொய்த்த’ என்பது இளம் மாடு, அதுவும் மாடுதான். பன்றிக்கு ‘ஸ்வீன’ என்பதோடு ‘க்ரீஸ’ என்ற துண்டும் புழங்குகிறது. பட்டியல்களில் பெரும்பாலும் ஒன்றை மட்டும் கொடுத்திருப்பார்கள், அங்கேதான் ஏமாறுவோம். ‘ஸ்கின்க்கா’, ‘பேய்க்கோன்’ இரண்டும் பன்றியே, முன்துண்டு இல்லாமலே வரும். ‘ஃபோலல்தக்யோத்’ என்று பார்த்தால் குதிரைக்குட்டி இறைச்சி. அங்கே சாதாரணமாக விற்பார்கள். ‘ஹாஹ்க்’ என்று முடிந்தால் கொத்திய இறைச்சி. முன்துண்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள், மாடும் பன்றியும் கலந்தும் வரும். காய்கறி சூப் பாக்கெட்டில்கூட ‘நொய்த்தக்ரஃப்துர்’ இருக்கலாம், அது மாட்டிறைச்சிச் சாறு. மிட்டாயிலும் சில இனிப்புகளிலும் ‘மாத்தர்லீம்’ என்று இருந்தால் ஜெலட்டின், பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. சொல்லை உடைத்தால் ‘உணவுப் பசை’ என்று வரும். ஒருமுறை உடைத்துப் பார்த்தால் மறக்காது.

பொட்டலத்தின் பின்புறத்தில் ‘இன்னிஹால்த்’ என்ற தலைப்பின் கீழ் சேர்மானங்கள் இருக்கும். எடையில் அதிகமானது முதலில் வரும். பால், முட்டை, கொட்டைகள் போன்ற ஒவ்வாமைப் பொருள்களை எடுப்பான எழுத்தில் காட்ட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி, ஐஸ்லாந்திலும் அதுதான் நடைமுறை. ஆனால் மாடும் பன்றியும் ஒவ்வாமைப் பட்டியலில் இல்லை. எடுப்பான எழுத்தை மட்டும் மேய்ந்துவிட்டு வண்டியில் போட்டுவிடாதீர்கள். ‘லொய்ஸ்த்’ என்று முடிந்தால் ‘இல்லாதது’: ‘க்யோத்லொய்ஸ்த்’ இறைச்சி இல்லாதது, ‘மியோல்குர்லொய்ஸ்த்’ பால் இல்லாதது.

கடைசித் துண்டு விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ‘ஸுல்தா’ என்றால் ஜாம். ஆனால் ‘ஸ்வித்தஸுல்தா’ பழ ஜாம் அல்ல. சுட்டு வேகவைத்த ஆட்டுத் தலையை அச்சில் அழுத்திச் செய்தது.

அடுத்து, ஆங்கிலப் பட்டியலே தடம் மாற்றும் சொற்கள். ஆங்கிலத்தில் ‘பாப்ரிகா’ என்றால் மிளகாய்த்தூள் வகை. ஐஸ்லாந்தில் அது குடைமிளகாய். ‘கோர்ன்’ அங்கே பொதுவாகத் தானியம்; மக்காச்சோளத்துக்கு ‘மாயீஸ்’. நம் சமையலுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி ‘கூமென்’. சீரகம் என்று நினைத்து வாங்கி ரசத்தில் போட்டால் ரசமே வேறு வாசனை அடிக்கும். அது ஆங்கிலத்தில் கேரவே எனப்படும் விதை. ஐஸ்லாந்தின் ‘பிரென்னிவீன்’ மதுவுக்கு மணம் தருவதும் அதுதான். சீரகத்துக்குக் ‘கூமீன்’ அல்லது ‘ப்ரொத்கூமென்’ என்று தேடுங்கள். ‘க்வேய்த்தி’ மைதா, சப்பாத்திக்கு ‘ஹேய்ல்க்வேய்த்தி’, முழுக்கோதுமை மாவு. தயிருக்கு ‘ஹ்ரேய்ன் யோகூர்த்’ வாங்குங்கள். ‘ஹ்ரேய்ன்’ என்றால் சுத்தம், அதாவது சர்க்கரையும் பழமும் சேராதது. புகழ்பெற்ற ‘ஸ்கீர்’ தயிர்போல இருந்தாலும் நீர் வடித்துக் கெட்டியாக்கியது. தயிர்ச்சாதத்துக்கு அதைப் பாலோ தண்ணீரோ விட்டுத் தளர்த்தியாக வேண்டும்.

இனி, வால் மாறும் கதை. ‘மரம்’ ‘மரத்தை’ ஆகும்போது ‘ம்’ போய்விடுகிறதல்லவா? ‘ஃபிஸ்குர்’ என்ற மீன், ‘எனக்கு மீன் வேண்டும்’ எனும்போது ‘உர்’ உதிர்ந்து ‘ஃபிஸ்க்’ ஆகிறது. ‘ஓஸ்துர்’ என்ற பாலாடைக்கட்டி ‘ஓஸ்த்’ ஆகும். ‘பாலாடைக்கட்டியோடு’ என்றால் ‘மெத் ஓஸ்தி’. வாங்கும்போதும் கேட்கும்போதும் தேவைப்படுவது பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமைதான். ஐஸ்லாந்தியத்தில் பொருள்களின் பெயருக்கும் ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத அலிப்பால் உண்டு. ஆண்பாலில் ‘உர்’ உதிரும். பெண்பாலில் கடைசி ‘ஆ’ ‘உ’வாக மாறும்: ‘ஸூப்பா’ என்ற சூப் ‘ஸூப்பு’ ஆகும். ‘இ’யில் முடியும் ஆண்பால் ‘ஆ’வாகும்: ‘பானனி’ என்ற வாழைப்பழம் ‘பானனா’. அலிப்பால் மாறாது: ‘எஹ்ப்லி’ என்ற ஆப்பிள் ‘இ’யில் முடிந்தாலும் அப்படியே நிற்கும். அதனால்தான் பால் தெரியாமல் சொல்லை மட்டும் படித்தால் பாதியில் நிற்கும். ‘ஸிக்குர்’ என்ற சர்க்கரையிலும் ‘உர்’ உதிராது, அங்கே அது வேர்ச்சொல்லின் பகுதி.

பன்மையில் நடு உயிரும் புரளும்: ‘குல்ரோத்’ என்ற கேரட் ‘குல்ரைத்துர்’ ஆகும். கடைப் பலகையில் பன்மைதான் இருக்கும் என்பதால் நீங்கள் படித்த ஒருமை கண்ணில் படாதது இயல்பே. இதற்கு ஆர்னி மாக்னுஸ்ஸோன் ஆய்வு நிறுவனத்தின் ‘பீன்’ என்ற இலவச இணையத் தரவகம் கைகொடுக்கும். கடையில் பார்த்த உருவத்தை அப்படியே தட்டினால் மூலச்சொல்லும் எல்லா வேற்றுமைகளும் வந்துவிடும். கைப்பேசி விசைப்பலகையில் ஐஸ்லாந்திய மொழியைச் சேர்த்துவிட்டுத் தட்டுங்கள்.

உச்சரிப்பில் இரண்டே குறிப்பு. எழுத்தின் மேலுள்ள சாய்கோடு நெடிலைக் குறிப்பதில்லை. கோடு போட்ட ‘ஏ’ (á) எழுத்தை ‘ஆ’ என்று வாசிக்காதீர்கள், அது ‘ஔ’. இரண்டாவது, ஐஸ்லாந்தியர் சொல் முதலில் எழுதும் ‘பி’ (b) எழுத்து நம் ‘பழம்’ என்பதிலுள்ள ‘ப’தான், அது நமக்குச் சுலபம். ஆனால் மிளகான ‘பீப்பர்’ போன்றவற்றில் வரும் மற்ற ‘ப’வுக்கு (p) காற்று தள்ள வேண்டும். வாய்க்கு முன் உள்ளங்கையை வைத்துச் சொல்லிப் பாருங்கள். காற்று படவில்லையென்றால் அவர்கள் காதில் வேறு எழுத்தாக விழும். அழுத்தம் எப்போதும் முதல் அசையில்.

படிக்கும் முறை இது. 200 சொல்லை மூட்டை கட்டி வைத்துவிட்டு, முதல் பத்து நாளுக்கு முப்பது துண்டுகள் மட்டும், நாளுக்கு மூன்று. அட்டையின் ஒரு பக்கம் படமும் தமிழ்ப் பெயரும். மறுபக்கம் ஐஸ்லாந்தியச் சொல், அதன் பால், இரண்டாம் வேற்றுமை உருவம், பன்மை. முதல், மூன்றாம், ஏழாம் நாள் திருப்பிப் பாருங்கள். பதினோராம் நாளிலிருந்து ‘க்ரோனன்’ போன்ற கடையின் இணையதளத்தில் தினம் பத்துப் பொருளை எடுத்து, படத்தை மறைத்து, பெயரை உடைத்து என்ன பொருள் என்று எழுதிவிட்டுப் படத்தைத் திறங்கள். தவறியவை மட்டும் புது அட்டையாகட்டும்.

ரெய்க்யவிக்கில் ஆங்கிலம் தாராளமாகச் செல்லும், கடைக்காரரே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். இருந்தாலும் இரண்டு வாக்கியத்தை வாயில் வைத்துக்கொள்ளுங்கள். ‘எர் ஸ்வீனக்யோத் ஈ தெஸ்ஸு?’ (இதில் பன்றியிறைச்சி இருக்கிறதா?) ‘யெஹ் ஐஹ்த்லா அ ஃபௌ ஃபிஸ்க்’ (எனக்கு மீன் கொடுங்கள்). 1937 முதல் துறைமுகப் பக்கம் இருக்கும் ‘பாய்யரின்ஸ் பெஸ்து’ ஹாட் டாக் கடையில் எல்லோரும் ‘ஏய்னா மெத் ஒத்லு’, ‘எல்லாம் போட்டு ஒன்று’ என்று கேட்பது காதில் விழும். வேற்றுமைக்கு அருமையான பாடம், ஆனால் வாங்கிவிடாதீர்கள்: அந்த ‘பில்ஸா’வில் ஆட்டிறைச்சியோடு மாடும் பன்றியும் சேர்ந்திருக்கும்.