நைனா குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார்

கேள்வி: என் நைனா குடியாத்தத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விடிந்ததும் விடியாததுமாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டுகளைக் கொட்டுவார். போன மாதம், ‘ரத்தப் புற்றுநோயைக் குணமாக்கும் மருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இலவசம், எல்லோருக்கும் பகிருங்கள்’ என்று ஒன்று. ‘இது பழைய பொய். படித்த நீங்களே இப்படி அனுப்பலாமா?’ என்று அங்கேயே பதில் போட்டேன். என் மாமியார் வீட்டார், அண்ணியின் வீட்டார் எல்லோரும் இருக்கும் குரூப். நைனா ஒன்றும் பேசாமல் வெளியேறிவிட்டார். என் போனையும் எடுப்பதில்லை. உண்மையைச் சொன்னது தப்பா? அப்படியே விட்டுவிடுங்கள் என்கிறார் என் கணவர்.
– பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: சொன்னதில் தப்பில்லை, சொன்ன இடம்தான் தப்பு. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் நோட்டில் சிவப்பு மையால் சுழித்தவர் அவர். அவருடைய நோட்டைச் சம்பந்தி வீட்டார் முன்னால் விரித்துச் சுழித்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. அந்தச் செய்தி முழுப் பொய்யும் இல்லை. அதில் ‘இமிடினெஃப் மெர்சிலெட்’ என்று வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கும். இமாட்டினிப் மெசிலேட் என்ற நிஜ மருந்தின் பெயரை யாரோ சிதைத்தது அது. ரத்தப் புற்றுநோயில் சி.எம்.எல். என்ற வகைக்கு அது அருமையான மாத்திரை. அந்த நோயாளிகளின் ஆயுளையே மாற்றிய மருந்து. இதன் புதிய வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் என்ற வெளிநாட்டு மருந்து கம்பெனி கேட்ட காப்புரிமையை உச்ச நீதிமன்றம் 2013-இல் மறுத்தது. நம் நாட்டு கம்பெனிகள் குறைந்த விலையில் அதைத் தொடர்ந்து தயாரிக்க வழி கிடைத்தது. ஆனால் எல்லா ரத்தப் புற்றுநோய்க்கும் அது மருந்தல்ல. அடையாறு மருத்துவமனையே மறுப்பும் சொல்லிவிட்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, லாட்ஜில் அறை எடுத்துக் காத்துக் கிடப்பவர்களைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரர்கள் நாம். அப்படி ஒரு குடும்பம் இந்த வரியை நம்பி ரயில் ஏறினால் என்ன ஆகும்? நீங்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘பொய்’ என்று ஒரே சொல்லில் முடித்ததால், அவர் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய ஒரு நல்ல விஷயமும் போய்விட்டது.

உங்கள் கணவர் சொல்வதுபோல் அப்படியே விடக்கூடாது என்பதற்கு என்னிடம் வேறு ஒரு காரணம் இருக்கிறது. பென்ஷன் வாங்கும் பெரியவர்களைக் குறிவைத்து இப்போது ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒரு மோசடி நடக்கிறது. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்கள் ஆதாரை வைத்துப் பண மோசடி நடந்திருக்கிறது என்று போன் வரும். வீடியோவில் போலீஸ் உடுப்போடு ஒருவன் உட்கார்ந்திருப்பான். கேமராவை அணைக்கக்கூடாது, பெண்டாட்டி பிள்ளைகளிடம்கூடச் சொல்லக்கூடாது, சரிபார்க்கப் பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்பு என்பான். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே மன் கி பாத் வானொலிப் பேச்சில் இதைச் சொல்லி எச்சரித்தார். படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள் எல்லாம் இதில் பணத்தை விட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு போன் வருகிற அன்று நைனா முதலில் உங்களைக் கூப்பிட வேண்டும். ‘மறுபடியும் ஏமாந்தீர்களா’ என்று மகள் கேட்பாளோ என்ற கூச்சம் இருந்தால் கூப்பிடுவாரா? அந்தக் கூச்சம்தான் மோசடிக்காரனுக்கு முதலீடு.

எல்லா ஃபார்வர்டுக்கும் வரிந்துகட்டிக்கொண்டு போகாதீர்கள். ஜன கண மனவை உலகத்தின் சிறந்த தேசிய கீதமாக யுனெஸ்கோ அறிவித்தது என்று வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். இரவு காஸ்மிக் கதிர் வருகிறது, போனை அணைத்து வையுங்கள் என்று வந்தால், ஒரு ராத்திரி எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். அரசியல் சண்டைக்கு என்னிடம் மருந்து கிடையாது. மியூட் பட்டன் இருக்கிறது.

ஆனால் ஒரு ஆளையோ ஒரு கூட்டத்தையோ காட்டி ‘இவர்கள் ஆபத்து’ என்று வருகிற செய்தியை மட்டும் ஒரு நிமிடம்கூட விட்டுவைக்காதீர்கள். 2018 மே மாதம், நம் பழைய வட ஆற்காட்டுப் பகுதியில்தான், போளூர் பக்கம் அத்திமூரில் அது நடந்தது. குலதெய்வக் கோயிலுக்குப் போக சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு மூதாட்டி, வழியில் நின்ற பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த நேரம். கூட்டம் சேர்ந்து அடித்ததில் அவர் இறந்துபோனார். நாட்டின் பல இடங்களில் இப்படி நடந்த பிறகுதான், ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. அந்த மாதிரிச் செய்தி வந்தால் நைனாவுக்கு உடனே போன் போடுங்கள், குரூப்பில் எழுதாதீர்கள். அவரே அழிக்கட்டும். அனுப்பி இரண்டு நாளுக்குள் என்றால் எல்லோருக்கும் சேர்த்து அழிக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போங்கள். போனில் சமாதானம் பேச வேண்டாம், அதைத்தான் அவர் எடுப்பதில்லையே. ஆற்காடு மக்கன் பேடா வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை இருக்கிறதென்றால் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒரு கிலோ. மன்னிப்புப் படலம் எல்லாம் வேண்டாம். ‘நைனா, நீங்க அனுப்புன மருந்து நெஜமாவே இருக்குது, ஆனா பேரைத் தப்பாப் போட்டிருக்கான்’ என்று ஆரம்பியுங்கள். மீதியை வாத்தியாரே கேள்வி கேட்டு வாங்கிக்கொள்வார். செய்திக்கு மேலே இரட்டை அம்பு இருந்தால் அது பல கை மாறி வந்தது என்பதையும் அப்போதே காட்டுங்கள். கிளம்பும் முன் 1930 என்ற எண்ணை அவர் போனில் சேமித்துவிடுங்கள். இணைய மோசடிப் புகாருக்கானது. பணம் போன உடனே கூப்பிட்டால், போய்ச் சேரும் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. அம்மாவின் போனிலும் போடுங்கள்.

அவரைத் திரும்பக் குரூப்பில் சேர்க்கிற வேலையை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். உங்கள் அண்ணனைச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் ஒரு வாரம் கழித்து.