அக்டோபரில் வந்த இடம்

அன்புள்ள ஐயா,

கல்வி நிதி தொடர்பாக மத்திய, மாநில அரசுகளுக்குள் நடந்த இழுபறியைப் பற்றி "சண்டை அவர்களுடையது, செலவு நம்முடையது" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொள்கையை ஏற்றால்தான் பணம் என்று மிரட்டினால் பணிந்து போய்விட முடியுமா? ஒரு கொள்கைக்காக நிற்கும்போது கொஞ்சம் கஷ்டம் வரத்தான் செய்யும். அதுவும் போக, 2025 அக்டோபரில் பணம் வந்து ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) சேர்க்கையும் நடந்துவிட்டதே. கடைசியில் யாருக்கு என்ன நஷ்டம்?

மு., திருமங்கலம்

அன்புள்ள மு.,

பணியக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். பள்ளிக் கல்விக்கு நிதி தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் என்பதுதான் கணக்கு. 2024-25க்கு வர வேண்டிய மத்திய அரசின் பங்கு ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய். மாதிரிப் பள்ளிகளுக்கான மத்திய அரசுத் திட்டமான பிஎம் ஸ்ரீயின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, தேசியக் கல்விக் கொள்கையை முழுதாக ஏற்றால்தான் அது வரும் என்றார்கள். ஒரு திட்டத்துக்குரிய பணத்தை இன்னொரு திட்டத்தின் கையெழுத்துக்காக நிறுத்தி வைத்தது தவறு. அதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. அந்த நிதியை நம்பியிருந்த சிறப்புப் பயிற்றுநர்களுக்கு 2024இல் ஒரு மாதச் சம்பளமே தள்ளிப் போனது.

ஆனால் உங்கள் கடைசிக் கேள்வியை என்னால் கடந்து போக முடியவில்லை. யாருக்கு என்ன நஷ்டம்?

எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் பெண்ணுக்கு அந்த வருஷம் எல்கேஜி சேர வேண்டிய ஒரு பையன். ஒரே காம்பவுண்டில் குடியிருக்கும் அவருடைய ஓரகத்திக்கும் அதே வயதில் ஒரு பெண் குழந்தை. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான். வழக்கமாக ஏப்ரலில் இணையதளத்தைத் திறப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கான கட்டணத்தைப் பள்ளிகளுக்கு அரசுதான் தர வேண்டும்; அதில் மத்திய அரசின் பங்கும் அந்த சமக்ர சிக்ஷா நிதியில்தான் வர வேண்டும். அது வராததால் 2025 ஏப்ரலில் திறக்கவில்லை. இரண்டு பேரும் இ-சேவை மையத்தில் ஆளுக்கு 60 ரூபாய் கட்டி வருமானச் சான்று வாங்கி வைத்திருந்தார்கள். வண்டிக்குக் கீழே, சலவைத் துணி மூட்டைக்கு அடியில், பிளாஸ்டிக் கவரில் அந்தத் தாள் இருக்கும். சட்டை வாங்கப் போகும்போதெல்லாம் அதை எடுத்துக் காட்டி, "சைட் ஓப்பன் ஆயிருச்சா சார்?" என்று கேட்பார். நானும் போனில் பார்த்துவிட்டு இல்லை என்பேன். மே போனது, ஜூனும் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள்.

இஸ்திரிப் பெண் தோட்டை அடகு வைத்து, முதல் தவணை கட்டி, பையனைச் சேர்த்துவிட்டார். ஓரகத்தியிடம் வைப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்தக் குழந்தை அங்கன்வாடிக்குப் போனது.

அப்புறம்தான் நீங்கள் சொல்லும் அக்டோபர். ஆர்டிஇக்கான பங்கை மட்டும் மத்திய அரசு விடுவித்தது, மாநில அரசும் சேர்க்கையை அறிவித்தது. ஆனால் பாதி வருஷம் ஓடிவிட்டதால், அந்தந்தப் பள்ளிகளில் ஏற்கெனவே நுழைவு வகுப்பில் சேர்ந்திருந்த பிள்ளைகளில் தகுதியானவர்களுக்குத்தான் இடம் என்று ஆனது. அவர்களிடம் வாங்கிய கட்டணத்தைப் பள்ளிகள் திருப்பித் தர வேண்டும். அதாவது, கடனோ உடனோ வாங்கி ஜூனிலேயே பணம் கட்ட முடிந்தவர்களுக்குத்தான் அந்த இலவச இடம். ஒன்றுமே இல்லாதவர்களுக்காக எழுதிய சட்டம், அந்த வருஷம் அவர்களைத்தான் வெளியே நிறுத்தியது. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

"அடுத்த வருஷம் போட்டுக்கலாமா சார்?" என்று ஓரகத்தி கேட்டார். எல்கேஜி இருக்கும் பள்ளியில் எல்கேஜிதான் நுழைவு வகுப்பு. அடுத்த வருஷம் யுகேஜி வயதாகிவிட்ட குழந்தைக்கு அங்கே இடம் கிடையாது. முதல் வகுப்பில் தொடங்கும் பள்ளி ஏதாவது பக்கத்தில் இருந்தால் பார்க்கலாம் என்றேன். எங்கள் பகுதியில் அப்படி ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனிலேயே இதில் தெளிவாகச் சொன்னது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதியைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று மத்திய அரசுக்கு. மத்திய அரசிடமிருந்து பணம் வரவில்லை என்று காரணம் காட்டி மாநிலம் தன் கடமையிலிருந்து விலக முடியாது என்று நமக்கு. இரண்டாவது பாதியை நம்மில் பலர் படிக்காமல் விட்டுவிட்டோம். ஏப்ரலிலேயே இணையதளத்தைத் திறந்து, குலுக்கலையும் நடத்தி, பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு வழக்கு நடத்தியிருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். பழைய பாக்கியே வராமல் காத்திருந்த தனியார் பள்ளிகளுக்கு அது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். பணத்தைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தாலும் கணக்கு நேராகிவிடும். நாலு வயதுப் பிள்ளைக்கு அந்த ஜூனை மறுபடி எங்கிருந்து கொண்டு வருவது?

இன்னொன்று. 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், நிறுத்தி வைத்த தொகையை வட்டியோடு சேர்த்து 2,291 கோடியாகக் கேட்டது. தாமதத்துக்கு வட்டி கேட்பது நியாயம்தான். இஸ்திரிப் பெண்ணுக்குப் பள்ளியில் கட்டிய பணம் திரும்பி வந்தது, தோட்டையும் மீட்டுவிட்டார். அடகுக் கடையில் ஐந்து மாதம் கட்டிய வட்டியை யாரும் தரவில்லை, யாரிடம் கேட்பது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

மு., உங்கள் தெருவிலும் அந்த வருஷம் எல்கேஜி வயதில் இருந்த பிள்ளைகள் இருப்பார்கள். ஒரு வீட்டிலாவது விசாரித்துப் பாருங்கள். அவர்கள் சொன்னதை எனக்கு எழுதுங்கள், கட்டாயம் வெளியிடுகிறேன்.