சித்திரையில் சின்னவர்களுக்கு என்ன படப்புத்தகம்? கேள்வி பதில்

கேள்வி (முன்பள்ளி ஆசிரியை, கிளிநொச்சி): இளவேனில் புத்தகம் எண்டால் பனி உருகி மண்ணுக்குள்ளிருந்து முளை வருகிறது. எங்கட பிள்ளைகளுக்கு விளங்குமா?

விளங்கும் ரீச்சர், காலத்தை மாற்றி வாசியுங்கோ. விதை முளைக்கும் கதையை ஐப்பசி மழைக்கு வைத்திருங்கோ. காலபோகம் எனும் மழைக்கால நெல் விதைப்பு நடக்கும்போது பிள்ளை வயலிலேயே முளையைப் பார்க்கும். இரணைமடுக் குளத்துக்குக் கீழே, குளத்து நீரில் சிறுபோக நெல் விதைக்கிற வீடுகளுக்குச் சித்திரையிலும் பொருந்தும். மற்றவர்களுக்குச் சித்திரையில் பூ, வண்ணத்துப்பூச்சி, குஞ்சு பறக்கப் பழகும் கதைகள் நல்லது. வெளியே கொன்றையும் வேம்பும் பூத்திருக்கும். பனிப் பக்கத்தைப் பனியாகவே விடுங்கோ, அது அந்த நாட்டுக் கதை.

கேள்வி (தாய், மல்லாவி): நாலு வயது மகனுக்குத் துணிவுக் கதை தேடினால் வாளும் சண்டையும்தான் கிடைக்குது.

அது வேண்டாம் தங்கச்சி. இந்த வயதில் துணிவு என்பது முன்பள்ளி வாசலில் அம்மாவின் கையை விடுவது, இரவில் கிணற்றடிக்குப் போவது. வாங்கமுதல் இரண்டு விடயம் பாருங்கோ. பயம் சொல்லில் மட்டும் இல்லாமல் படத்திலும் தெரியவேண்டும்: இறுகிய விரல், ஒளிந்த முகம். கடைசிச் செயலைப் பிள்ளையே செய்யவேண்டும். பெரியவர் வந்து முடித்துவைத்தால் வளர்ந்தது யார்? கடைசிப் பக்கத்தில் புத்திமதி இருந்தால் வாசிக்காமல் மூடிவிடுங்கோ.

கேள்வி (அம்மம்மா, புதுக்குடியிருப்பு): பயமான பக்கம் வந்தால் பேத்தி புத்தகத்தை மூடிவிடுகிறாள்.

மூடட்டும் அம்மா. புத்தகத்தை அவள் கையிலேயே கொடுங்கோ. "பயப்பிடாதே" என்று சொல்லவேண்டாம், படுக்கிற நேரத்தில் அந்தக் கதை வேண்டாம். காணாமல்போன ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிற வீடென்றால், "அம்மாவைக் காணவில்லை" என்று தொடங்கும் கதையை முதலில் நீங்கள் தனியே வாசித்துப்பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கோ.

கேள்வி (நூலகர், ஒட்டுசுட்டான்): வண்ணத்துப்பூச்சிப் புத்தகங்களில் என்ன பிழை வரும்?

பட்டுநூல் கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வருவதாக வரைவார்கள். நூற்கூடு பெரும்பாலும் அந்துப்பூச்சிக்குரியது. வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்கு வெறும் ஓடுதான். புழு கண்டதையெல்லாம் தின்னாது, அதற்கென்று செடி உண்டு. தேசி இலையில் பாருங்கோ: சின்னப் புழு குருவி எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்தால் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாக இரண்டு கொம்பு நீட்டி, கடும் மணம் விடும். துணிவுக்கு இதைவிட நல்ல பக்கம் எங்கே கிடைக்கும்? புழுவோடு ஒரு கிளையைப் போத்தலில் வைத்து, புத்தகத்தையும் பக்கத்தில் விரித்துவையுங்கோ.

கேள்வி (சனசமூக நிலையம், மாங்குளம்): நாங்களே ஒரு படப்புத்தகம் செய்ய ஏலுமா?

ஏலும் தம்பி. ஏ4 தாள் 4, ஒன்றாக அடுக்கிக் குறுக்கே மடித்தால் 16 பக்கம். முன்பள்ளிப் பிள்ளைக்கு அது போதும். தாளின் ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்க எண்ணையும் கூட்டினால் 17 வரவேண்டும்: 16உம் 1உம், 2உம் 15உம், நடுவில் 8உம் 9உம். அநேகமானவர்கள் பிழைவிடுவது இதில்தான், ஆகவே வெற்றுத்தாளில் எண் எழுதி மடித்துப்பார்த்த பிறகு வரையுங்கோ. பயத்தை வலப்பக்கத்தில், 9இல் வையுங்கோ, என்ன நடந்தது என்பது 10இல். தாளைப் புரட்டுவது பிள்ளையின் கை, அந்தத் துணிவு அதனுடையது. ஒரு பக்கத்துக்கு இரண்டு வரிக்குமேல் எழுதவேண்டாம்.

அட்டைக்கு பிரிஸ்டல் போட். மடிப்பில் மூன்று துளை, 60 சென்ரிமீற்றர் தடித்த நூல். உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே, மேல் துளையால் உள்ளே, நேரே கீழ்த் துளையால் வெளியே, திரும்ப நடுவால் உள்ளே. இரண்டு நுனியும் நீளத் தையலின் இருபக்கமும் இருக்க முடிச்சுப் போடுங்கோ. ஒரே பக்கம் முடிந்தால் தளரும். நூலுக்குப் பதிலாக ஸ்ரேப்ளர் பின் அடித்தால் சின்ன விரலில் குத்தும்.

வரைய ஆளில்லை என்றால் ஸ்டோரிவீவர் (StoryWeaver) இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. அச்சடிக்கலாம், பிள்ளைகளுக்குப் பழகிய சொல்லாக மாற்றலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரையும் உரிமத்தையும் கட்டாயம் போடுங்கோ, மாற்றியதையும் குறிப்பிடுங்கோ.