விலைக்குள் இருக்கும் வட்டி

அன்புள்ள ஐயா,

நான் சிவகாசியில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறேன். 2020 மார்ச் இறுதியில், ஊரடங்கு தொடங்கிய வாரத்தில், பத்து ஆண்டுகளாகச் சேர்த்திருந்த பங்குகளை ஆட்களின் கூலிக்காக விற்றேன். அதன் பிறகு நாடே முடங்கிக் கிடந்த மாதங்களில் பங்கு விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கம்பெனிகள் மூடிக் கிடக்கும்போது அவற்றின் பங்குக்கு எதை வைத்து விலை சொன்னார்கள்? வாங்குபவர் கூட்டம் பெருகியதுதான் காரணம் என்கிறார்கள். அப்படியானால் இது சூதாட்டம்தானே? நான் ஏமாந்துவிட்டேனா?

எஸ்., சிவகாசி

அன்புள்ள எஸ்.,

வாங்குபவர் கூட்டம் என்ற விளக்கத்தை முதலில் விலக்கிவிடுகிறேன். நீங்கள் விற்ற ஒவ்வொரு பங்கையும் அதே நொடியில் யாரோ ஒருவர் வாங்கினார். சந்தையில் விற்றது எவ்வளவோ, வாங்கியதும் அவ்வளவே. எந்த விலைக்கு ஒருவர் கொடுக்கச் சம்மதிக்கிறார், எந்த விலைக்கு இன்னொருவர் எடுக்கச் சம்மதிக்கிறார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

பங்கு என்பது ஒரு நிறுவனம் இனி வரும் காலமெல்லாம் ஈட்டப்போகும் பணத்தில் ஒரு பாகத்துக்கான உரிமை. ஆண்டுதோறும் 100 ரூபாய் என்றென்றைக்கும் தரும் ஒரு சொத்தை எடுத்துக்கொள்வோம். அதை வாங்குபவர் தன் பணத்துக்கு 10 சதவீத வருவாய் எதிர்பார்த்தால் 1,000 ரூபாய் கொடுப்பார். முதலாண்டு வருமானம் அடியோடு போய்விடும் என்று தெரிந்தாலும் 909 ரூபாய்வரை கொடுப்பார். ஓராண்டு காய்ப்பு பொய்த்தது என்பதற்காகத் தென்னந்தோப்பு பாதி விலைக்கு வந்துவிடுவதில்லை அல்லவா? ஆனால் அவர் எதிர்பார்க்கும் வருவாய் 8 சதவீதமாக இறங்கிவிட்டால், முதலாண்டு வருமானத்தை முழுவதும் இழந்த பிறகும் அதே சொத்து 1,157 ரூபாய் பெறும். விலைக்குள் இரண்டு கூறுகள் இருக்கின்றன: வரப்போகும் பணம் ஒன்று; அதற்காகக் காத்திருக்கவும் அது வராமலே போகலாம் என்ற அச்சத்தைச் சுமக்கவும் மனிதர்கள் இன்று கேட்கும் வட்டி மற்றொன்று. நாம் முதலாவதை மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறோம், விலையைப் பெரிதும் அசைப்பது இரண்டாவதாக இருக்கும்போதும்கூட.

நீங்கள் விற்ற நாட்களை இப்படிப் பாருங்கள். 2020 ஜனவரியில் 42,000ஐத் தாண்டியிருந்த மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ், மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்து 25,981இல் முடிந்தது. ஓராண்டு இலாப இழப்பு மட்டும் இவ்வளவு பெரிய சரிவை விளக்காது. அச்சத்துக்குக் கேட்ட கூலி திடீரென உயர்ந்ததே பெருங்காரணம் என்று கருதுகிறேன். அதற்குச் சில நாட்கள் முன்பே அமெரிக்க மத்திய வங்கி தன் வட்டியைப் பூஜ்யத்துக்கு அருகில் இறக்கியிருந்தது. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கியும், வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியாகிய ரெப்போ விகிதத்தை 5.15இலிருந்து 4.40 ஆகக் குறைத்து, மே மாதத்தில் 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. வைப்புத்தொகை தரும் வட்டி சுருங்கச் சுருங்க, பங்கிடம் கேட்கும் வருவாயும் சுருங்கியது. அச்சமும் மெல்லத் தணிந்தது.

இலாபக் கணிப்பின் குழப்பமே இல்லாத ஒரு சான்றும் உண்டு. 2022இல் அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களுக்குரிய வட்டி ஒரு தவணைகூடத் தவறாமல் வழங்கப்பட்டது. ஆயினும் மத்திய வங்கி வட்டியை ஏற்றியதால் நீண்டகாலப் பத்திரங்களின் விலை கடுமையாக விழுந்தது. அவற்றைக் குவித்து வைத்திருந்த அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி, பணம் போட்டவர்கள் திரும்பக் கேட்டபோது நட்டத்துக்கு விற்க நேர்ந்து, 2023 மார்ச்சில் வீழ்ந்தது.

சூதாட்டமா என்று கேட்கிறீர்கள். பங்கு விலைகள் அவை தரும் ஈவுத்தொகையைக் காட்டிலும் மிக அதிகமாக ஆடுகின்றன என்று பொருளியலாளர் ராபர்ட் ஷில்லர் 1981இல் காட்டினார். அந்த ஆட்டத்தில் மனிதரின் பிழையைக் கண்டார் ஷில்லர்; துணிவும் அச்சமும் காலத்துக்கேற்ப மாறுவதன் இயல்பான விளைவாக அது இருக்கலாம் என்ற பக்கம் நின்றார், 2013இல் அவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட யூஜீன் ஃபாமா. பிழைக்கும் அதில் இடமுண்டு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பிழை செய்யக்கூடிய மதிப்பீட்டைச் சூதாட்டம் என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் ஏமாறவில்லை. சிலிக்கான் வேலி வங்கி நட்டத்துக்கு விற்ற அரசுப் பத்திரங்களை முதிர்வுவரை வைத்திருப்பவருக்கு முழுப் பணமும் கிடைக்கும். அந்த வங்கியால்தான் காத்திருக்க முடியவில்லை. அச்சகம் மூடியிருந்த வாரத்தில் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்த உங்களாலும் முடியவில்லை. உங்களிடம் வாங்கியவருக்கு அந்தப் பணம் பல ஆண்டுகளுக்குத் தேவைப்படாததாக இருந்திருக்கலாம். உங்களுக்கு அது கூலி கொடுக்க வேண்டிய அந்தச் சனிக்கிழமையே தேவைப்பட்டது.